நடுரோட்டில் ஓர் அவசர ஆஸ்பத்திரி

நீலகிரியில் தண்ணீருக்குக் குறைவில்லை, குளிருக்குக் குறைவில்லை, தேயிலைக்குக் குறைவே இல்லை. சமதளம் ஒன்றுதான் கிடையாது. எஸ்டேட் லயன் குடியிருப்புகளில் பிள்ளைகள் பந்து விளையாடினால் ஒரு பிள்ளை எப்போதும் சரிவின் அடியில் நிற்கும். கீழே வருகிற பந்தை மேலே எறிவது மட்டுமே அதன் வேலை. கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளை பெண்ணைவிட உயரமாகத் தெரிவதும் குள்ளமாகத் தெரிவதும் பந்தல் போட்ட இடத்தைப் பொறுத்தது. நடுவட்டத்துக்குக் கீழே இருக்கும் பெல்மவுண்ட் எஸ்டேட்காரர்கள் அறிந்த ஒரே சமதளம், ஊட்டி போகும் ரோட்டில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு துண்டு. பஸ் டிரைவர்கள் அங்கே வந்ததும் கியரை மாற்றிவிட்டு ஒருமுறை கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் அந்த இடத்தால் யாருக்கும் எந்த உபகாரமும் இருந்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்த பிடியை விடாமல் பெய்ததில், ஒரு விடியற்காலை, லயனுக்குப் பின்னால் இருந்த மண்மேடு கிளம்பி வந்துவிட்டது. ஜனங்கள் முந்தின நாளே மண் விரிசல் விடுவதைப் பார்த்து ஃபாக்டரி ஷெட்டுக்குப் போய்விட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஃபாக்டரியில் இலைமூட்டை இறக்கும் வேலன் மட்டும், மறந்து வைத்துவிட்டு வந்த கம்பளியை எடுக்கத் திரும்பிப் போனான். கம்பளி கிடைத்தது. வெளியே வரும்போது சுவரும் கூடவே வந்து அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் ஜெஸிந்தா, தேயிலைப் பெட்டியின் பலகை இரண்டை உடைத்துக் காலுக்கு இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினாள். பலகை ஒன்றில் ‘ஈரம் படாமல் வைக்கவும்’ என்று அச்சடித்திருந்தது.

“எலும்பு முறிஞ்சது பெருசில்லைங்க இசக்கியக்கா,” என்றாள் வேலனின் மனைவியிடம். “பாதம் சில்லுனு ஆவுது பாருங்க. ரத்தம் எறங்க மாட்டேங்குது. எப்பிடியாச்சும் பொழுது சாயறதுக்குள்ள ஊட்டி பெரியாஸ்பத்திரில சேத்துப்போடுங்க. அதுவரைக்கும் வெரலை ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. ஆடுற வரைக்குந்தான் அது நம்ம வெரலு.”

இசக்கியம்மா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எஸ்டேட் ரோட்டில் விழுந்துகிடந்த மண்ணை ஆண்களும் பெண்களுமாக மண்வெட்டி எடுத்து, வெயில் ஏறுவதற்குள் ஒரு ஜீப் போகிற அகலத்துக்கு அள்ளிப் பள்ளத்தில் தள்ளினார்கள். பக்கத்து லயன் பவுல்ராஜ் தன் ஜீப்பைக் கொண்டுவந்தான். பின்சீட்டைக் கழற்றி, வைக்கோல் பரப்பி, வேலனைப் படுக்கவைத்தார்கள். அப்போது ஐந்து விரல்களும் ஆடிக்கொண்டிருந்தன.

ஜீப் மெயின் ரோடு ஏறி, முதல் வளைவு திரும்பி, அந்தச் சமதளத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. முன்னால் ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது.

படுத்திருந்த வேலனுக்கு முதலில் தெரிந்தது ஒரு பெரிய பேனரின் மேல் பாதி. ‘அகில உலக அவசர ஆறுதல் இயக்கம்’ என்று அதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், தாரில் ஆணி அடித்து இறுக்கப்பட்டவை. கூடாரங்களுக்கு அந்தப் பக்கம், ஊட்டி வரை போகுமோ என்று தோன்றும்படி இயக்கத்தின் வண்டிகள் ரோட்டோரமாக நின்றன. எல்லாம் கோவையிலிருந்து ஊட்டி வழியாக வந்தவை, எல்லாம் ஊட்டிக்கு முதுகைக் காட்டிக் கூடலூர்ப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றவை.

பவுல்ராஜ் ஹாரன் அடித்தான். சால்வை போர்த்திய ஒரு பெண்மணி ஓடிவந்தார். அவர்தான் ஒருங்கிணைப்பாளர் பங்கஜம்.

“சத்தம் போடாதீங்க. இது ஆஸ்பத்திரிப் பகுதி.”

“ஏனுங்க, இது ரோடுங்க.”

“காலைல வரைக்கும் ரோடு. இந்த மலையில நாங்க பாக்காத எடமில்லைங்க. கூடாரம் நிக்கிற மாதிரி தரை வேற எங்கயுமே இல்லை. பேரிடர்னா பொதுமக்கள் கொஞ்சம் ஒத்துழைக்கணும்.”

“ஒத்துழைக்கறமுங்க. ஊட்டிக்குப் போகோணும், ஒரு கூடாரத்தைக் கழட்டுனீங்கன்னா ஜீப்பு நுழைஞ்சுரும். உள்ள ஆளுக்குக் காலு...”

பங்கஜம் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். வேலனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்த மாதிரி, தாலி கட்டிய நாளில் இசக்கியம்மாவின் முகம்கூட மலர்ந்ததில்லை.

“நோயாளி!” என்றார். பிறகு கூடாரங்களைப் பார்த்து, “நோயாளி வந்தாச்சு!” என்று உரக்கக் கூவினார். உள்ளிருந்து கைதட்டல் கேட்டது.

வேலன் படுத்தபடியே கும்பிட்டான். “ஏனுங்கம்மா, இங்கயே கட்டுப்போட்டு உட்டா அப்பிடியே ஊட்டுக்குப் போயிர்றனுங்க. இல்லீன்னா வழி உட்டுட்டா ஊட்டிக்குப் போயிர்றனுங்க.”

“ரெண்டும் இப்ப முடியாதுங்க,” என்றார் பங்கஜம் பரிவோடு. “நிறுவனத் தலைவர் வந்து ரிப்பன் வெட்டினாத்தான் சிகிச்சை ஆரம்பிக்கும். அதுக்காக, தேடி வந்த நோயாளிய வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு எங்களுக்கு மனசாட்சி இல்லையா? வழி விட்டுட்டா எல்லாரும் ஊட்டிக்குப் போயிருவாங்க. அப்புறம் இங்க ஆஸ்பத்திரி எதுக்கு?”

தொண்டர்கள் ஓடிவந்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இசக்கியம்மா ஒரு காரியம் செய்துபார்த்தாள். பவுல்ராஜும் அவளுமாக வேலனைக் கம்பளியில் தூக்கி, கூடாரங்களின் இடுக்கு வழியாகவே அந்தப் பக்கம் கடந்துவிடப் பார்த்தார்கள். முதல் நாடா கட்டியிருந்த இடத்தில் இரண்டு தொண்டர்கள் மறித்தார்கள். முகாமுக்குள் நுழைவதற்கு ஒரு வழி, குணமடைந்து வெளியேறுவதற்கு ஒரு வழி என்றும், குணமடையாமல் வெளியேறுவதற்கு வழி வைக்கவில்லை என்றும் விளக்கினார்கள். தாண்டினாலும், எதிர்ப்பக்கம் நின்ற ஆம்புலன்ஸ் நகராது. அதன் பேட்டரியிலிருந்துதான் விழா மைக்குக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே விருந்தினர் நாற்காலிகள்.

“வெரலை ஆட்டுங்க,” என்றாள் இசக்கியம்மா. ஆட்டினான். சுண்டுவிரல் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆடியது.

முதலில் அவனை மன ஆறுதல் கூடாரத்தில் வைத்தார்கள். சிகிச்சைக்குத்தான் ரிப்பன் வேண்டும், ஆறுதலுக்கு வேண்டியதில்லை. மல்லாந்து கிடப்பவனுக்கு மனிதர்கள் மோவாயாகவும் மூக்குத் துவாரமாகவும்தான் தெரிகிறார்கள். மெல்லிய குரல் கொண்ட ஒரு மோவாய் அவன்மேல் குனிந்தது.

“மண்ணைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?”

“மண்ணுன்னு தோணுதுங்க.”

“பயமா இல்லையா?”

“அது இப்ப சும்மாதானுங்களே கெடக்குது.”

“அழணும்னு தோணினா அழலாம். இங்க யாரும் தடுக்க மாட்டாங்க.”

“காலு வலிக்குதுங்க. அதுக்கு அழுகட்டுங்களா?”

மோவாய் சற்று யோசித்தது. உடல் வலிக்கான அழுகை அடுத்த கூடாரம் என்றது.

அடுத்த கூடாரத்தில் அவனுக்கு நிவாரணப் பை கொடுத்தார்கள். அதில் ஒரு கொசுவலை, கடல்நீரைக் குடிநீராக்கும் மாத்திரைகள், வெயில் சுடாமல் இருக்கப் பூசும் களிம்பு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை ஆகியவை இருந்தன. சட்டையை அப்போதே மாட்டிவிட்டார்கள். நடுவட்டத்து மூடுபனியில் அது கதகதப்பாகவே இருந்தது. அந்த முகாமில் அன்று அவனுக்கு உபயோகப்பட்ட பொருள் அது ஒன்றுதான் என்பதால் நியாயமாக அதைச் சொல்லிவிட வேண்டும்.

“இது எதுக்குங்க?” என்று கேட்டாள் இசக்கியம்மா.

“மூழ்காமல் இருக்க,” என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் களப்பணி இயக்குநர் டாக்டர் எட்மண்ட். ஏழு பேரிடர்களைக் கண்டவர், அவற்றில் ஐந்தைப் பற்றி வெளிநாடுகளில் உரை நிகழ்த்தியவர். நோயாளியைப் பார்த்து நாளாகியிருந்தது. வேலனை அவர் ஆவலோடு நெருங்கினார்.

“வயிற்றுப்போக்கு உண்டா?”

“இல்லைங்க டாக்டர். காலு ஒடைஞ்சிருக்குதுங்க.”

“வாந்தி?”

“இல்லைங்க. சொவரு விழுந்து...”

“அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள். நேற்று? லேசாகவாவது?”

வேலனுக்குத் தன்மேல் வருத்தமாக இருந்தது. படித்தவர், இவ்வளவு தூரம் வந்தவர், ஒன்று கேட்கிறார், அது தன்னிடம் இல்லை. “சாய்ங்காலமா வேணா வருமுங்க,” என்றான், அவரைத் தேற்றும் விதமாக.

டாக்டர் எட்மண்ட் பெருமூச்சுவிட்டு இசக்கியம்மாவின் பக்கம் திரும்பினார். “அம்மா, எங்கள் மருத்துவமனை கடலோரப் புயலுக்காக வடிவமைக்கப்பட்டது. புயல், வெள்ளம், அதன் பின் காலரா. ஒரே சமயத்தில் இருநூறு வயிற்றுப்போக்கு நோயாளிகளை எங்களால் தாங்க முடியும். உங்கள் ஊரில் கடல் இல்லாதது எங்கள் திட்டத்தின் குறை அல்ல.”

“அப்ப எங்களுக்கு வழி உடுங்க சாமி. கடல் இருக்கற ஊருக்குக் கூடாரத்தைக் கொண்டு போங்க. நாங்க வேண்டாங்கலை.”

“அங்கே ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள்,” என்றார் டாக்டர். அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது.

அந்த நேரத்தில் கூடாரத்துக்கு வெளியே யாரோ கத்தினார்கள். “காலுன்னா அது எங்களுது! முறிவெல்லாம் எங்களுது!”

ரோட்டின் நடுவே நெடுஞ்சாலைத் துறை போட்ட வெள்ளைக்கோடு ஒன்று இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறுதல் இயக்கம். அந்தப் பக்கம், அதே காலையில் கால்மணி பிந்தி வந்து சேர்ந்த ‘மலைநாட்டு மீட்பு மருத்துவப் படை’. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மீட்புப் படையின் தலைவர் லிங்கசாமி, இடுப்பில் கயிறும் தலையில் ஹெல்மெட்டும் மாட்டியவர், கோட்டின் விளிம்பில் வந்து நின்றுகொண்டு அந்தக் காலைக் கேட்டார்.

ஒருங்கிணைப்புக் கூட்டம் கூடியது. அதற்கென்றே இருந்த கூடாரம்தான் முகாமிலேயே பெரியது, குளிர்காயும் அடுப்பும் பக்கோடாவும் அங்கேதான். வேலன் வெளியே கிடந்தான். கூட்டத்தின் பேச்சு துணி வழியாக நன்றாகக் கேட்டது. மனித உடம்பைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“தலையும் வயிறும் இல்லாம நாங்க ஒத்துக்க மாட்டோம்,” என்றார் பங்கஜம்.

“வயித்த வெச்சுக்குங்க. முதுகெலும்பு எங்களுக்கு வேணும்,” என்றது லிங்கசாமியின் குரல்.

“முதுகெலும்பு மேலிருந்து கீழ் வரை போகிறதே, அதை எப்படிப் பிரிப்பது?” இது டாக்டர் எட்மண்ட்.

பக்கோடா மறுபடி போய்வந்தது. கடைசியில், இடுப்புக்கு மேலே ஆறுதல் இயக்கம், இடுப்புக்குக் கீழே மீட்புப் படை என்று முடிவாயிற்று. இடுப்பை இரு தரப்பும் பொதுவில் வைத்துக்கொள்வது, அதில் எந்தத் தரப்பும் தனித்து ஊசி போடக்கூடாது. வேலனின் கட்டிலைக் கொண்டுபோய், வெள்ளைக்கோடு சரியாக அவன் இடுப்புக்கு அடியில் வரும்படி குறுக்கே போட்டார்கள். இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டன. மேகம் இறங்கி அவன் தலை ஒரு முகாமிலும் கால் இன்னொரு முகாமிலும் ஒரே மாதிரி நனைந்தன.

“வெரலை ஆட்டுங்க.”

நாலு ஆடியது. சுண்டுவிரல் இல்லை என்றுவிட்டது. அதன் நிறம் நாவல்பழத்தைப் போல் ஆகிக்கொண்டிருந்தது. இசக்கியம்மா அதைத் தன் உள்ளங்கைக்குள் பொத்தி வாயால் ஊதினாள்.

“ஏனுங்க, இப்பத்தான் காலு உங்களுதாயிருச்சே,” என்றாள் லிங்கசாமியிடம். “பாருங்களே சித்த.”

லிங்கசாமி காலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “எப்பிடி வந்தாரு இவரு?”

“ஜீப்புலங்க.”

“அதாம்மா பிரச்சினை. நாங்க மீட்புப் படை. நாங்க மீட்டெடுத்த ஆளுக்குத்தான் நாங்க வைத்தியம் பாக்க முடியும். எவனோ ஒருத்தன் ஜீப்புல கொண்டாந்து போட்ட காலை நாங்க எப்பிடித் தொடறது? எங்களுக்குன்னு ஒரு கொள்கை இல்லையா?”

“எவனோ ஒருத்தன் நாந்தானுங்க,” என்றான் பவுல்ராஜ்.

“உங்க நல்ல மனச மெச்சறேன். ஆனா நீங்க பண்ணுனது முறையில்லாத மீட்பு. ஒண்ணும் கெட்டுப்போகலை, முறையா இன்னொருக்கா மீட்டுருவோம்.”

மண்சரிவு நடந்த இடம் எஸ்டேட்டுக்குள் தூரத்தில் இருந்ததால் மண்சரிவை இங்கே கொண்டுவந்தார்கள். படைவீரர்கள் ரோட்டோர மேட்டிலிருந்து பக்கெட் பக்கெட்டாக மண் வெட்டிக் கொட்டினார்கள். வேலனை அதன் நடுவில் இறக்கி, மார்பு வரை மூடினார்கள். இசக்கியம்மா ‘ஈரம் படாமல் வைக்கவும்’ பலகையின் மேல் மட்டும் மண் விழாதபடி இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டு, “அடப்பாவிகளா, காலைல இருந்து இந்த மண்ணைத்தானே அள்ளிக் கொட்டுனோம்!” என்று கத்தினாள். அவளை ‘உறவினர் கதறல்’ என்று தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

கேமராக்காரர் குனிந்து பார்த்தார். “அண்ணே, முகத்துல வலி தெரியணும்.”

“தெரியலைங்களா?” என்றான் வேலன் ஆச்சரியத்தோடு.

“வலி தெரியுது. நன்றி தெரியலை. கொஞ்சம் மேல பாருங்க, கை வருது பாருங்க உங்களத் தூக்க, அதைப் பாத்து... ஆங்.”

லிங்கசாமி கயிற்றில் தொங்கியபடி, ரோட்டோர மேட்டிலிருந்து இறங்கினார். ஒரு ஆள் உயரம்தான். வேலனின் மிதவைச் சட்டையில் எதிர் அமைப்பின் பெயர் இருப்பதைக் கவனித்து ஏறிப்போய், பெயரின்மேல் பூசச் சேறு எடுத்துக்கொண்டு இன்னொருமுறை இறங்கினார். மீட்பு முடிந்து கட்டிலில் திரும்பப் போட்டபோது மூன்று விரல்கள்தான் ஆடின.

இனிமேலாவது சிகிச்சை உண்டா என்று வேலன் கேட்டான். ரிப்பன் விஷயத்தில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நிறுவனத் தலைவர் வேலுசாமி மதியம் கழிந்து வந்து சேர்ந்தார். கோவையில் மூன்று மில்களுக்கும் ஆறுதல் இயக்கத்துக்கும் சொந்தக்காரர். அவர் கார் வண்டி வரிசையின் கடைசியில் வந்து நின்றது. அவருக்குப் பொன்னாடை போர்த்த வந்தவர்களின் வேன்கள் அதற்குப் பின்னால் வந்து நெருக்கி நின்றன. ரிப்பனின் ஒரு முனையைக் கட்டக் கம்பம் இருந்தது. மறுமுனைக்கு ஒன்றும் அகப்படாததால், கட்டிலில் அசையாமல் நீட்டிக்கொண்டிருந்த வேலனின் பலகையில் கட்டினார்கள். மைக் வேலுசாமியின் கைக்குப் போயிற்று.

“என்ற அன்பான மலைவாழ் மக்களே,” என்று ஆரம்பித்தார். மக்கள் என்று இருந்தது வேலன், இசக்கியம்மா, பவுல்ராஜ் மூவர்தான். “நேத்து ராத்திரி இட்லி சாப்பிட்டுட்டு இருக்கறப்ப டிவில பாத்தனுங்க, நீலகிரியில மண்சரிவு அபாயம்னு. சாப்பிடவே முடியலைங்க, அவ்வளவு சந்தோசம். சந்தோசம்னா, சேவை செய்யக் குடுத்து வெச்சிருக்கேங்கற சந்தோசம். ஆறு வருசமுங்க! ஆறு வருசமா இந்தக் கூடாரத்த வாங்கி குடோன்ல மடிச்சு வெச்சுட்டு, நமக்குன்னு ஒரு பேரிடர் அமையாதான்னு நான் வேண்டாத தெய்வமில்லை. அங்க புயல்னா அவிய போயிர்றாங்க, இங்க பூகம்பம்னா இவிய போயிர்றாங்க. நம்ம பக்கம் ஒண்ணு வந்தாத்தானே நம்ம ஆளுக செய்ய முடியும்? அந்தக் கொறைய இன்னிக்கு இந்தத் தம்பி தீத்து வெச்சிருக்காரு. இவரு காலு ஒடைஞ்சது நமக்குக் கெடைச்ச வாய்ப்பு. இனி உங்களுக்கு ஒண்ணுன்னா ஊட்டிக்கு ஓட வேண்டாம், கோயமுத்தூருக்கு ஓட வேண்டாம். உலகத்தரமான ஆஸ்பத்திரி உங்க ஊட்டு வாசல்ல!”

எல்லோரும் கைதட்டினார்கள். வேலனும் தட்டினான், பழக்கதோஷத்தில்.

ரிப்பனை வெட்டுகிற படம் எடுக்க வேண்டும். கேமராக்காரருக்குப் பேனர் முழுதாக வரவில்லை. “சார், சித்த பின்னால... இன்னுங்கொஞ்சம்...” என்றார். வேலுசாமி ஒரு கையில் கத்தரிக்கோலும் ஒரு கையில் மைக்குமாகச் சிரித்தபடி பின்னால் போனார். சமதளம் எங்கே முடிகிறது என்பதை மலைக்காரர்கள் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். அவர் கோவைக்காரர். ரோட்டோரச் சாக்கடை அவரை ஏற்றுக்கொண்டது.

“அய்யோ! என்ற காலு! என்ற காலு போச்சே!”

மைக் அவர் கையைவிட்டுப் போகவில்லை. ஆம்புலன்ஸ் பேட்டரியின் தயவில் அந்த ஓலம் எதிர்மலை வரை போய் மோதித் திரும்பியது. முதலில் ஓடியவர் டாக்டர் எட்மண்ட். “சார், வயிற்றுப்போக்கு ஏதாவது...” என்று அவர் வாய் தானாகக் கேட்டுவிட்டது. லிங்கசாமி ஒரே தாவலில் வெள்ளைக்கோட்டைத் தாண்டினார்.

“இடுப்புக்குக் கீழ! எங்களுது! சார், அப்பிடியே படுத்துக்குங்க, எந்திரிக்காதீங்க. டேய், மண்ணு கொண்டாங்கடா!”

“கிட்ட வந்தீங்கன்னா மொகரைய ஒடைச்சுப்போடுவேன்!” என்றார் நிறுவனத் தலைவர், கத்தரிக்கோலை நீட்டி. “எவனும் என்ற காலத் தொடக்கூடாது! வண்டிய எடுங்கடா, ஆஸ்பத்திரிக்குப் போகோணும்!”

“ஐயா,” என்றார் பங்கஜம் தயங்கி, “இதுதானுங்க ஆஸ்பத்திரி.”

“நெசமான ஆஸ்பத்திரிக்கும்மா!”

‘நெசமான ஆஸ்பத்திரிக்கும்மா’ என்று எதிர்மலையும் சொல்லிற்று.

அதன் பிறகு நடந்ததில் அவசரம் இருந்தது. தார் ரோட்டில் அடித்த ஆணிகள் கழன்றன. ஆறுதல் கூடாரம், நிவாரணக் கூடாரம், பக்கோடா தட்டோடு ஒருங்கிணைப்புக் கூடாரம், எல்லாம் கைக்குட்டை மாதிரி மடிந்து ஓரத்துக்குப் போயின. காலையில் பவுல்ராஜ் கேட்ட அகலம் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் இன்னொன்று தெரியவந்தது. அங்கே நின்ற அத்தனை வண்டிகளும் கூடலூரைப் பார்த்து நின்றன. தலைவரின் காருக்கு முன்னால் நாற்பது வண்டி, பின்னால் பொன்னாடை வேன்கள். சமவெளியிலிருந்து வந்த டிரைவர்கள் கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுக்கக் கும்பிட்டு மறுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸை முடுக்கினார்கள், பேட்டரி பூராவும் பேச்சில் தீர்ந்துபோயிருந்தது.

ஊட்டியைப் பார்த்து நின்ற வண்டி ஒன்றே ஒன்றுதான். அதன் பானெட்டில் சாய்ந்து பவுல்ராஜ் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, என்ற சாமி, சீக்கிரம்!” என்றார் வேலுசாமி. இரண்டு பேர் அவரைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள்.

பின்கதவில் இசக்கியம்மா உட்கார்ந்திருந்தாள். “மொதல்ல எங்க ஊட்டுக்காரரு,” என்றாள்.

“அம்மா, ஐயா பெரியவரு, வலியில...” என்றார் பங்கஜம்.

“இருக்கட்டுமுங்க. பேரிடர்னா பொதுமக்கள் ஒத்துழைக்கோணும்.”

அந்தப் பரபரப்பிலும் ரிப்பனை அவிழ்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலனைத் தூக்கி ஏற்றியபோது அது கம்பத்தோடு வந்தது. இசக்கியம்மா பல்லால் கடித்து அறுத்தாள். அந்த அவசர ஆஸ்பத்திரி திறந்துவைக்கப்பட்டது என்றால் அப்படித்தான்.

வைக்கோலில் வேலனும் வேலுசாமியும் அடுத்தடுத்துப் படுத்துக்கொண்டு போனார்கள். பைக்காரா தாண்டும் வரை தலைவர் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே வந்தார். ஜீப் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும், “அம்மா!” என்றார்.

“ஐயாவுக்கு இந்தச் சட்டைய வேணா குடுக்கட்டுங்களா?” என்று கேட்டான் வேலன் மெய்யான கரிசனத்தோடு. “கதகதப்பா இருக்குமுங்க.”

“வெரலை ஆட்டுங்க,” என்றாள் இசக்கியம்மா.

வேலன் ஆட்டினான். பக்கத்தில் தலைவரும் ஆட்டினார். அவருடையது ஐந்தும் ஆடியது.

ஊட்டி பெரியாஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்துப் பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். “என்னம்மா இது, காலைல அடிபட்டதை இப்பக் கொண்டாந்திருக்கீங்க? நடுவட்டத்துல இருந்து வர இவ்வளவு நேரமா?”

“வழியில ஒரு ஆஸ்பத்திரி குறுக்க இருந்துச்சுங்க,” என்றாள் இசக்கியம்மா.

காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் காப்பாற்ற முடியவில்லை. தலைவருக்குச் சுளுக்கு. துணி சுற்றி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அன்றே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் இரண்டு அமைப்புகளும் கோவையில் தனித்தனியே விழா எடுத்தன. பேரிடரில் பாதிக்கப்பட்ட அத்தனை பேரையும், அதாவது இரண்டு பேரையும், தக்க சமயத்தில் மருத்துவமனையில் சேர்த்ததற்காக ஆறுதல் இயக்கத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. மண்ணுக்குள்ளிருந்து நன்றியோடு மேலே பார்க்கும் வேலனின் முகத்துக்காக மீட்புப் படைக்கு ஒன்று. இரண்டு விழாவுக்கும் வேலனுக்கு அழைப்பு வந்தது. லீவு இல்லை என்று சொல்லிவிட்டான்.

மறுவருஷம் ஐப்பசிக்கு முன்னால், மழை மேகம் கட்ட ஆரம்பித்ததும், பெல்மவுண்ட் ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். மேட்டிலிருந்து பெரிய பெரிய பாறைகளாக உருட்டி, அந்தச் சமதளத்தின் இரண்டு ஓரத்திலும் நெடுக நிறுத்தினார்கள். நடுவில் ஒரு பஸ் போகலாம், ஜீப் தாராளமாகப் போகலாம், கூடாரம் போட முடியாது. பனியில் பஸ்காரர்களுக்குக் கண்ணில் படவேண்டுமே என்று முதல் பாறைக்கு வேலன் தன் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிட்டான்.

நெடுஞ்சாலைத் துறை இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தி இறங்கினார். “யாருய்யா இதை வெச்சது? எதுக்கு?”

“முன்னெச்சரிக்கைங்க,” என்றான் வேலன், மூன்று விரல் காலை ஒரு பாறைமேல் ஊன்றிக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் மேலே மண்மேட்டைப் பார்த்தார், கீழே பாறைகளைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. “மலையே எறங்கி வந்தா இந்தக் கல்லு நிறுத்துமா?”

“மண்ணுக்கு இல்லைங்க சார். மண்ண நாங்களே அள்ளிப்போடுவமுங்க,” என்றான் வேலன். “இது, அதுக்கப்பறம் வாரவியளுக்கு.”